சாண் வேறு, முழம் வேறு: குடியைக் குறைக்கும்போது சறுக்கினால் என்ன செய்வது

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். வெள்ளத்துக்கு அது சரியாக இருக்கலாம், சரக்குக்குச் சரிவராது. மூன்று வாரம் தொடாமல் இருந்த ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி 60 மில்லியோடு எழுந்து போகிறார். இன்னொருவர் "தொட்டாச்சு, இனி என்ன" என்று குவார்ட்டரை முடிக்கிறார், சனி ஞாயிறும் தொடர்கிறார், திங்கட்கிழமை வேலைக்கு லீவு போடுகிறார். இருவரும் சறுக்கியவர்கள்தான். ஆனால் ஒருவருக்குப் போனது ஒரு ராத்திரி, மற்றவருக்குப் போனது ஒரு மாதம். முதல் பெக் செய்யும் சேதத்தைவிட, அதற்குப் பிறகு மனசு போடும் "இனி என்ன" கணக்கு செய்யும் சேதம் பெரிது.

நம்மவர்களிடம் இந்தக் கணக்கு ஆழமாக ஊறியிருப்பதற்குக் காரணம் உண்டு. குடியை நிறுத்த நாம் வழக்கமாகப் பிடிப்பது விரதத்தைத்தான். ஐயப்பனுக்கு மாலை போடுவது, கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது. விரதத்துக்கு இரண்டே நிலை: காத்தது, கலைந்தது. ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடாதவர் மாலையைக் கழற்றிய அன்றே மட்டையாகிற கதை எல்லாத் தெருவிலும் நடக்கிறது. விரதத்தில் குற்றமில்லை. 41 நாள் இருக்க முடிந்தது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் கலைந்த பிறகு என்ன செய்வது என்று எந்த விரதமும் சொல்லித் தருவதில்லை. 1980களில் ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: ஒரு முறை சறுக்குவது ஒன்று, பழைய குடிக்கே திரும்பிப் போவது வேறொன்று. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது பெரும்பாலும் சறுக்கியவரின் குற்ற உணர்ச்சியும் "நம்மால் முடியாது" என்ற முடிவும்.

முதலில், வீட்டிலேயே குறைப்பது யாருக்குப் பொருந்தாது

தினமும் குடிக்கிறீர்கள். காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். மூளை சரக்குக்குப் பழகிவிட்டது, அது திடீரென்று இல்லாமல் போனால் எதிர்த்துக் கிளம்பும். கடைசி பெக்குக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கமும் படபடப்பும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை ஆள் குழம்புவது, இல்லாத பூச்சியைக் கையால் தட்டிவிடுவது, காய்ச்சல் என்று போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இதைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள்.

ஏற்கெனவே ஒரு முறை இப்படி மருத்துவமனையில் இருந்து நிறுத்தியவர் மறுபடி நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், இந்த முறை நிறுத்தும்போது எதிர்ப்பு போன தடவையைவிடக் கடுமையாக வரக்கூடும். அவரும் தானாக நிறுத்திப் பார்க்கக் கூடாது. கல்லீரல் கெட்டவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் குறைப்பது என்ற பேச்சே இல்லை, பூஜ்யம்தான்.

அளவு

"நேத்து கொஞ்சம்தான்" என்பதை வைத்து எதையும் குறைக்க முடியாது. மருத்துவர்கள் இங்கே ஒரு டிரிங்க் என்று எடுத்துக்கொள்வது 10 கிராம் சுத்த ஆல்கஹால். பெங்களூரு எம்.ஆர்.பி. மதுக்கடையில் வாங்கும் விஸ்கி, ரம், பிராந்தி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று இருக்கும். அந்தக் கணக்கில் 30 மில்லி ஸ்மால் ஏறத்தாழ 10 கிராம். லார்ஜ் 20. 90 மில்லி டெட்ரா பாக்கெட் 30. 180 மில்லி குவார்ட்டர் 60. ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அது அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. "ஒரு குவார்ட்டர்தானே" என்று நாம் சொல்வது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது.

பீரில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். 650 மில்லி பாட்டில் 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம், அதாவது இரண்டரை ஸ்மால். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம், நாலு ஸ்மால். "விஸ்கியை விட்டுட்டேன், இப்ப ரெண்டு பீரோட சரி" என்கிறவர் ரெண்டும் ஸ்ட்ராங் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டி எட்டு ஸ்மாலில் நிற்கிறார். இந்திராநகர், கோரமங்கலா மைக்ரோ ப்ரூவரிகளில் அரை லிட்டர் கிளாஸ் ஒன்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரை ஸ்மால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கணக்குப் போட: மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள், வருவதை 0.8-ஆல் பெருக்குங்கள். அதுதான் கிராம்.

இதைப் பால் கணக்கு எழுதுவதுபோல் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எழுதுங்கள். குடிக்காத நாளுக்கு 0. குடித்த நாளுக்கு ஸ்மால் கணக்கில் எண். வீட்டில் மற்றவர் பார்க்க வேண்டாம் என்றால் செல்போனில். முன்பு வாரத்துக்கு ஐந்து நாள் குவார்ட்டர் என்றால் மாதத்துக்குச் சுமார் 130 ஸ்மால். இந்த மாதம் மூன்று தடவை சறுக்கி, மூன்றும் குவார்ட்டர் என்றாலும் 18. "எல்லாம் போச்சு" என்று மனசு சொல்லும்போது காலண்டர் 18 என்று சொல்லும். இரண்டில் எதை நம்புவது என்பது உங்கள் விருப்பம், நாங்கள் காலண்டர் பக்கம்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து நாள் 0 போட்டுவிட்டு, மிச்சம் பிடித்ததை எல்லாம் சனிக்கிழமை ஒரே உட்காரலில் செலவழிப்பது குறைப்பதில் சேராது. வார மொத்தம் எவ்வளவு குறைந்திருந்தாலும், விழுந்து அடிபடுவதும் சண்டையும் விபத்தும் அந்த ஒரு ராத்திரியில்தான் நடக்கின்றன.

சறுக்கிய ராத்திரி

கையில் கிளாஸ் இருக்கிறது, பாதி உள்ளே போய்விட்டது. இந்த நிமிஷத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

சோறு கேளுங்கள். நம் ஊர்க் குடியின் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும்: முதலில் சரக்கு, நடுவில் சுண்டலோ மிளகுப் பொரியலோ, கடைசியில் சாப்பாடு. சாப்பிட்டால் ஏறாது என்று சோற்றைத் தள்ளிப்போடுவார்கள். அந்த ஒழுங்கையே பிரேக்காகப் பயன்படுத்தலாம். இலையில் சோறு விழுந்தால் அன்றைய உட்காரல் முடிந்தது என்று உடம்புக்கும் நண்பர்களுக்கும் பழக்கம். ஒரு தட்டு தயிர் சாதமோ பிரியாணியோ, கையால் பிசைந்து சாப்பிடுங்கள். சைடு டிஷ் இதற்கு உதவாது, காரமும் உப்பும் தாகத்தைக் கூட்டி அடுத்த கிளாஸை அழைக்கும்.

இடத்தை விட்டு எழுந்திருங்கள். எழுந்திருக்க விளக்கம் வேண்டாம். "மச்சி, கிளம்புறேன்" போதும். பில்லில் உங்கள் பங்கைச் சற்று அதிகமாகவே வைத்துவிட்டுப் போனால் யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

வீட்டில் தனியாகக் குடிக்கிறீர்கள் என்றால் பாட்டிலில் மிச்சமிருப்பதை சிங்க்கில் ஊற்றுங்கள். காசு போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். 180 மில்லியைத் திறந்துவிட்டு 60-ல் மூடி வைப்பவர்கள் அபூர்வம், வாங்கும் அளவே குடிக்கும் அளவாகிவிடுகிறது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் நாளைய சறுக்கலுக்கு முன்பணம் கட்டியது போல. நண்பரிடம் கொடுத்து வைப்பதும் அதே வகைதான்.

பல வாரம் இடைவெளிக்குப் பிறகு குடிக்கிறவர் பழைய அளவுக்குப் போகக் கூடாது. தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு குவார்ட்டரில் நிதானமாக நடந்தவர் இப்போது அதிலேயே விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளலாம்.

தூக்க மாத்திரை, நரம்புக்கு என்று சொல்லித் தரும் அல்ப்ரசோலம் வகை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, எதையும் அந்த ராத்திரி போடாதீர்கள். சரக்கும் அவையும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளைமிப்ரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், எழுப்பியும் எழவில்லை என்றால் போதைதான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சாப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

கூட இருப்பவர்களுக்கு: தட்டி எழுப்பியும் கண் திறக்காதது, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழே போவது, உதடு நீலமாவது, படுத்தபடியே வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சை, தலைக்குத் தண்ணீர் எதுவும் போதையை இறக்காது, மயக்கத்தில் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும்.

வண்டிச் சாவியை விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிகம் பேர் யோசிக்காதது மறுநாள் காலை. உடம்பு ஒரு ஸ்மாலைக் கரைக்க ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ராத்திரி 11 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் உடம்பில் காலை ஐந்து மணி வரையாவது, சிலருக்கு எட்டு மணி வரையும் மிச்சம் இருக்கும். குளித்துவிட்டு, ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு ஆறு மணி ஷிப்டுக்கு ஆட்டோவை எடுக்கும் டிரைவர், போதை தெளிந்த மனசோடும் தெளியாத ரத்தத்தோடும் வண்டி ஓட்டுகிறார்.

மறுநாள் காலை

ராத்திரி மூணு மணிக்கு விழிப்புத் தட்டும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாத பயம் வரும். சரக்கு மூளையை அமுக்கும்போது, மூளை அதை எதிர்த்து மேலே தள்ளும். சரக்கு கரைந்துபோன பிறகும் அந்தத் தள்ளல் சில மணி நேரம் நிற்காது. காலையில் வரும் "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்ற எண்ணத்தில் ஒரு பங்கு இந்த ரசாயனம். அதனால் அந்தக் காலையில் வாழ்க்கையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள்.

இந்த நேரத்தில்தான் பழைய ஞானம் ஒன்று வந்து நிற்கும்: "ஒரு கட்டிங் போட்டா தலைவலி பறந்துடும்." பறக்கும், அது உண்மை. அந்தத் தள்ளலை மறுபடி அமுக்கிவிடுவதால் பறக்கிறது. சாயங்காலம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும், அப்போது இன்னொரு கட்டிங். ஒரு ராத்திரிச் சறுக்கல் வாரக்குடியாக மாறுவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். இந்த முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் காலைக் கட்டிங்கைத் தவிருங்கள். நடுக்கம் அடங்க அது இல்லாமல் முடியவே இல்லை என்றால், மேலே சொன்னதுபோல் அது டாக்டரிடம் போக வேண்டிய அடையாளம்.

ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இட்லி, ரசம் சாதம், வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. தலைவலிக்கு வெறும் வயிற்றில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். பாராசிட்டமாலும் தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலுக்குச் சுமை. தண்ணீரும் தூக்கமும் செய்யாததைப் பெரும்பாலும் மாத்திரையும் செய்யாது.

வீட்டில் என்ன சொல்வது? சுருக்கமாக, எண்ணோடு. "நேத்து குடிச்சேன். நாலு பெக். இன்னிக்குக் குடிக்க மாட்டேன். ஏழு மணிக்கு வீட்டுல இருப்பேன்." அவ்வளவுதான். இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன் என்ற சத்தியம் வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு வீட்டில் காது புளித்திருக்கும். ஏழு மணிக்கு வீட்டில் இருந்தால் அதைப் பார்ப்பார்கள்.

பின்னோக்கி நடப்பது

இரண்டு நாளுக்குள், தலை தெளிந்ததும், சறுக்கிய அந்த நாளைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதிப் பாருங்கள். என்ன குடித்தேன், எவ்வளவு, யாரோடு, எங்கே, அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் என்ன, மதியம் என்ன சாப்பிட்டேன், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், கையில் எவ்வளவு காசு. ஏன் குடித்தேன் என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள், அதற்கு எல்லாரிடமும் "டென்ஷன்" என்ற ஒரே பதில்தான் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பொம்மனஹள்ளியில் வாடகை வீடு, வெள்ளிக்கிழமை. மீட்டிங் நீண்டு மதியச் சாப்பாடு போனது. நாலு மணிக்கு டீயும் ஒரு பிஸ்கட்டும். ஆறரைக்கு ஓசூர் ரோடு நெரிசலில் 50 நிமிஷம். பசி, எரிச்சல். "ஏடிஎம்ல காசு எடுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்று ஒரு தெரு முன்னாடியே திரும்பினார். ஏடிஎம்முக்குப் பக்கத்தில் எம்.ஆர்.பி. கடை. இவரைக் கேட்டால் கடையைப் பார்த்ததும் ஆசை வந்தது என்பார். கடைக்கு முந்தின மூன்று திருப்பங்களை அவர் எண்ணவில்லை. செல்போனிலேயே காசு கொடுக்கிற இந்தக் காலத்தில் ஏடிஎம் எதற்கு? அந்தத் தெருவில் திரும்பியபோதே பாதி முடிவாகிவிட்டது. இதில் மாற்ற எளிதானது எது? மன உறுதியைத் தேட வேண்டாம். ஐந்து மணிக்கு ஒரு தட்டு இட்லி வடை. தர்ஷினி ஓட்டலில் நின்றபடி பத்து நிமிஷம். வெறும் வயிற்றோடு அந்த நெரிசலில் உட்காராமல் இருந்தாலே பல வெள்ளிக்கிழமைகள் கடந்துவிடும்.

ஈஜிபுராவிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் மேஸ்திரிக்குச் சனிக்கிழமை வேறு மாதிரி. வாரக் கூலி கையில், உடம்பெல்லாம் வலி, கூட வேலை செய்தவர்கள் நேராகக் கடைக்கு. அவர் குடிப்பது வலிக்கும் தூக்கத்துக்கும். இவரிடம் நட்பை மாற்றச் சொல்வது வீண் பேச்சு, அவர்களோடுதான் திங்கட்கிழமையும் சாரம் ஏற வேண்டும். கூலியில் பெரும்பகுதியை வீட்டுக்காரம்மா கணக்குக்கு நேராகப் போடச் சொல்லலாம். வேலை முடிந்ததும் முதலில் சோறு, வெந்நீர்க் குளியல், பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று வரிசையை மாற்றலாம். முதுகு வலிக்கு ஒரு தடவையாவது டாக்டரைப் பார்க்கலாம். அப்படியும் குடித்தால், கடை ஓரம் நின்று ராவாகப் பத்து நிமிஷத்தில் 180 முடிப்பதற்கும், 90 வாங்கித் தண்ணீர் கலந்து சாப்பாட்டோடு குடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெருமைப்படும்படி இல்லை, ஆனாலும் சாண் வேறு, முழம் வேறு.

சிலருக்குத் தனிமைதான் வழுக்கும் இடம். ஸ்கூல் லீவுக்கு மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போன மே மாத முதல் சனிக்கிழமை ராத்திரி, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ பேருடைய காலண்டரில் 0 உடைகிறது. மனைவி பஸ் ஏறுவதற்கு முன்பே அந்த சனிக்கிழமை ராத்திரிக்கு ஓர் ஏற்பாடு செய்துவிடுங்கள்: தம்பி வீட்டுச் சாப்பாடு, இரண்டாம் ஆட்டம், எதுவானாலும். டிரை டேயும் அப்படித்தான். அக்டோபர் 2-க்குக் கடை மூடும் என்று 1-ஆம் தேதி வாங்கி வைக்கும் பாட்டில், சாதாரண நாளில் வாங்குவதைவிடப் பெரிதாக இருக்கும்.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பத்துத் தீர்மானம் போட்டால் புதன்கிழமைக்குள் பத்தும் போய்விடும்.

ஊற்ற வருகிறவர்களிடம்

கல்யாணம், காது குத்து, ஊர்த் திருவிழா, ஆபீஸ் ட்ரீட். மறுப்பதற்குக் கொள்கை விளக்கம் தேவையில்லை. கொள்கை சொன்னால் வாதம் வரும். மாமா ஊற்றும்போது "மாமா, மாத்திரை சாப்பிடுறேன், சேர்க்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றால் அவரே கிளாஸை நகர்த்தி வைப்பார். சம வயசு நண்பனிடம் "இன்னிக்கு இல்லடா" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சைத் தொடங்குங்கள். அந்த இரண்டு விநாடி மௌனத்தில்தான் "ஏன்டா, ஒண்ணே ஒண்ணு" நுழையும். கையில் எப்போதும் எலுமிச்சை பிழிந்த சோடா இருக்கட்டும், காலிக் கையைப் பார்த்தால்தான் ஊற்றத் தோன்றும். கூட்டத்துக்குக் கடைசியில் போய், பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் சிலருக்கு உதவும். சிலருக்கு அந்த வாசனையே அசல் பீருக்குக் கூப்பிடும். இரண்டாவது வகை என்றால் அதைத் தொடாதீர்கள்.

குடிக்க வேண்டும் என்ற வேகம் அலைபோல ஏறி, உச்சத்துக்குப் போய், இறங்கும். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் 20, 30 நிமிஷத்தில் அடங்கும். எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். மணி பாருங்கள், அரை மணி நேரம் கழித்து முடிவு செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதற்குள் ஏதாவது சாப்பிடுங்கள், ஓர் ஆளுக்கு போன் செய்யுங்கள், அல்சூர் ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். போன் செய்ய வேண்டிய அந்த ஒரு பெயரை இன்றைக்கே முடிவு செய்து, அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறிவுரை சொல்லும் அண்ணனைவிட, கேட்டுக்கொண்டிருக்கும் சித்தப்பா மேல்.

மாத்திரைகளைப் பற்றி

குடியைக் குறைக்க உதவும் மருந்துகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. நால்ட்ரெக்ஸோன் குடியில் கிடைக்கும் சுகத்தை மங்கச் செய்யும், அதனால் சறுக்கினாலும் முதல் பெக் இரண்டாவதை இழுப்பது குறையும். கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார்கள். டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் நிறுத்தியவர்களின் ஏக்கத்தைத் தணிக்கும், சிறுநீரகம் பார்த்து அளவு சொல்வார்கள். சறுக்கிவிட்டோமே என்று இந்த இரண்டையும் நிறுத்த வேண்டியதில்லை, தொடருங்கள், டாக்டரிடம் சறுக்கலைச் சொல்லுங்கள்.

டைசல்ஃபிராம் வேறு ரகம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவு என்று போகும், சிலருக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது சறுக்கினால், "கொஞ்சம்தானே" என்று வீட்டில் இருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மாத்திரையைச் சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுக்கும் வீடுகள் உண்டு. பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் செய்யவே கூடாது. தெரியாமல் சாப்பிட்டவர் தெரியாமல்தான் குடிப்பார். "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று விளம்பரம் வரும் பொடிகளும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் போதையில் இருப்பவரிடம் நியாயம் கேட்காதீர்கள், காலையில் கேளுங்கள். "நாலு பெக்" என்று அவர் உண்மையைச் சொன்ன அன்று பெரிய சண்டை நடந்தால், அடுத்த தடவை இரண்டு என்று சொல்லக் கற்றுக்கொள்வார். கடனை அடைத்துக் கொடுப்பது, ஆபீசுக்குக் காய்ச்சல் என்று போன் செய்வது இரண்டும் உங்கள் வேலையில்லை. அடி, மிரட்டல் என்று போனால் குடி அதற்குக் காரணமாகாது, உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். பெண்கள் உதவிக்கு 181.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்

காலண்டர் சொல்லும். இரண்டு மாதமாக எண்கள் இறங்கவே இல்லை, ஒரு பெக் என்று தொடங்கிய ஒவ்வொரு தடவையும் ஆறில் முடிகிறது, சறுக்கல்களுக்கு நடுவில் இருக்கும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன, காலையில் குடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். இப்படியானால் குறைக்கும் திட்டம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. சிலருக்கு ஒன்றும் குடிக்காமல் இருப்பது ஒன்றோடு நிறுத்துவதைவிட எளிது, பூஜ்யத்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் காலண்டரைப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேடுங்கள்.

14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். 2022 முதல் இயங்குகிறது, இலவசம், ராத்திரி பகல் எப்போதும், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று உள்ள தேசிய உதவி எண் 14446. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடிப்பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோரமங்கலா செயின்ட் ஜான்ஸ், சிவாஜிநகர் பௌரிங் ஆகிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் "மையங்கள்" பக்கம் போகாதீர்கள். எங்கே சேர்ப்பதானாலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா, டாக்டர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள்.

முதல் தடவை போகும்போது காலண்டர் பக்கத்தைக் கிழித்தோ படமெடுத்தோ கொண்டு போங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் வேண்டும், சித்த, ஆயுர்வேத மருந்து உட்பட. கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணி, எத்தனை ஸ்மால் என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வெட்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் நடுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தின் அளவும் பாதியாகிவிடும்.